கலவை மெஷின் இழுக்க பழைய பிக்கப் வாங்கறீங்களா? பின்னாடி இருந்து பாக்க ஆரம்பிங்க

பழைய பிக்கப் பாக்கப் போறவங்க எல்லாருமே முதல்ல பானட்டத் தொறக்கறாங்க. நானும் அப்படித்தான் தொறந்தேன். இன்ஜின் கழுவி பளபளன்னு இருந்துச்சு, ஒரே செல்ப்ல ஸ்டார்ட் ஆச்சு, புகை இல்ல, மச்சான் கூட "இதுக்கு மேல என்ன மாமா வேணும்"னு சொன்னாப்ல. அட்வான்ஸ் குடுத்து ஓட்டீட்டு வந்து பதினோராவது நாளு, சென்னிமலை ரோட்ல ஒரு வேகத்தடையில மெதுவாத்தான் ஏறி எறங்குனேன், பின்னாடி டமால்னு சத்தம். எறங்கிப் பாத்தா கொக்கி மட்டும் மெஷினோட தொங்குது, கொக்கி மாட்டியிருந்த சேஸ் கிராஸ் பட்டையும் ஒட்டுக்கா பிச்சுட்டு வந்திருச்சு. உள்ள பழைய வெல்டிங், அதுக்கு மேல பட்டி, அதுக்கு மேல கறுப்பு பெயிண்ட். இன்ஜின் என்னமோ இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்குது.

காங்கயம், சென்னிமலை, பெருந்துறை பக்கம் ஹாப்பர் (ஜல்லி, மணல் கொட்டற தொட்டி) வெச்ச, ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கலக்கற கான்கிரீட் கலவை மெஷின் வாடகைக்கு விடறேனுங்க. அந்தப் பொழப்புக்கு ரெண்டு பழைய பிக்கப் வாங்கி, ஒண்ணுல ஏமாந்து, இன்னொண்ணுல தேறி, அப்பறம் சொந்தக்காரங்க அஞ்சாறு பேருக்கு கூடப் போய் பாத்துக் குடுத்து கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். ஜெனரேட்டர், கம்ப்ரசர், தண்ணி டேங்கர் டிரெய்லர் இழுக்கறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல மெஷின எடை போடுங்க, வண்டி அப்பறம்

என்ன எடை இழுக்கப் போறம்னு தெரியாம வண்டி தேடறவங்கதான் அதிகம். கேட்டா "ஒரு டன்னு இருக்குமுங்க"ம்பாங்க. இருக்குமுங்கற கதையெல்லாம் வேண்டாம். ஹாப்பர், ரோப், டீசல், டூல்ஸ் எல்லாம் வேலைக்குப் போறப்ப எப்படி இருக்குமோ அப்படியே எடை மேடையில ஏத்துங்க. என்ற மெஷின் 1,460 கிலோ வந்துச்சு, நான் அது வரைக்கும் ஆயிரத்து நூறுன்னு ஊரெல்லாம் சொல்லீட்டு இருந்தேன்.

அப்பறம் இன்னொரு எடை இருக்குது, அத யாரும் பாக்கறதில்ல. மெஷினோட இழுவைக் கம்பி, அதாவது கொக்கியில மாட்டற மூக்கு, அது கொக்கி மேல எவ்வளவு அமுக்குதுங்கறது. பக்கத்துல தேங்காப் பருப்பு களத்துல மூட்டை போடற எலக்ட்ரானிக் தராசு இருக்கும்ல, மெஷின் சக்கரத்த சமதளத்துல நிறுத்தி, மூக்க மட்டும் கொக்கி உயரத்துக்கு முட்டுக் குடுத்து தராசு மேல வெச்சா தெரிஞ்சுரும். மொத்த எடையில நூத்துக்குப் பத்து கிட்ட இருந்தா நல்லது. ரெண்டு மூணுதான் இருக்குதுன்னா பின்பாரம் ஜாஸ்தி, கொஞ்சம் வேகம் போனா மெஷின் வாலாட்ட ஆரம்பிக்கும், ஆட்டம் கூடிக்கூடி கடைசில வண்டியையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். ரொம்ப அதிகமா இருந்தா வண்டி பின்னாடி குந்திக்கும், முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேக்காது. என்றது 120 கிலோ. இந்த 120-ம் வண்டி தூக்கற லோடுல சேத்திதான், மறந்துராதீங்க.

பிரேக் இல்லாத டிரெய்லர்னா ஐரோப்பா நாடுகள்ல 750 கிலோதான் வரம்பு. நம்ம கலவை மெஷின்ல பிரேக்கும் கெடையாது, அடியில ஸ்பிரிங் பட்டையும் கெடையாது, எடை அதுல ரெண்டு மடங்கு. அதனால நாப்பதுல இழுத்துட்டுப் போறதெல்லாம் வேலைக்கு ஆகாது, இருபது இருபத்தஞ்சுதான் கணக்கு. இந்த வேகத்துக்கு எச்.பி. பெருசா தேவையில்ல, கீழ் ஆர்.பி.எம்.ல இழுவை வேணும், நிறுத்தறதுக்கு வண்டிக்குன்னு ஒரு கனம் வேணும். வண்டிய எம்ப்டியா விட்டு பின்னாடி ஒன்றரை டன்ன கட்டுனா பிரேக் புடிக்கறப்ப மெஷின் தள்ளும், பின் டயர் வழுக்கும். நான் பெட்டில எப்பவும் எட்டு மணல் மூட்டை பின் அச்சுக்கு மேல போட்டே வெச்சிருக்கறேன்.

(டிராக்டர் போதாதான்னு கேப்பீங்க. பத்து கிலோமீட்டருக்குள்ளயே வேலைன்னா டிராக்டர்தான் ராசா, இதப் படிக்கவே வேண்டாம். எனக்கு ஒரு நாள் வெள்ளகோவில், மறுநாள் ஊத்துக்குளின்னு போகோணும்.)

எந்த வண்டி

டாடா ஏஸ்ஸ தூக்கி ஓரமா வையுங்க. 2005-ல வந்த அந்த 702 சிசி ரெண்டு சிலிண்டர் வண்டி 16 எச்.பி., காய்கறி மூட்டை ஏத்த தங்கமான வண்டி, இழுவைக்கு கட்டுனா கிளட்ச் மாத்தியே சம்பாத்தியம் போயிரும்.

அசோக் லேலண்ட் தோஸ்த், நம்ம ஓசூர்ல செய்யறது, 2011-ல வந்துச்சு, 1,478 சிசி மூணு சிலிண்டர். அரை மூட்டை மெஷின், சின்ன ஜெனரேட்டருக்கு சரி. ஒரு மூட்டை ஹாப்பர் மெஷின்னா சமதளத்துல இழுத்துரும், மண்ணு ரோட்டு மேட்டுல மூச்சு வாங்கும்.

பொலீரோ பிக்கப்தான் நம்ம பக்கம் எல்லாரும் வாங்கறது, அதுக்குக் காரணமும் இருக்குது. 2,523 சிசி நாலு சிலிண்டர், பிந்தின மாடல்ல 75 எச்.பி., 200 என்.எம்., அந்த இழுவை 1,400 ஆர்.பி.எம்.லயே கெடச்சிருது. தாராபுரத்துல நின்னு போனாலும் சரி, அந்தியூர்ல நின்னு போனாலும் சரி, ஸ்பேர் கெடைக்கும், வேலை தெரிஞ்ச மெக்கானிக் கெடைப்பாரு. ஆனா எல்லாருக்கும் இதுதான் வேணுங்கறதால வெலை எறங்கறதே இல்ல.

அதனால என்ற யோசனை என்னன்னா டாடாவையும் பாருங்க. பழைய 207 டி.ஐ. நல்லதா அமைஞ்சா மூணு லிட்டர் இன்ஜின், மாட்டு இழுவை இழுக்கும், கேபின்ல சொகுசு மட்டும் கேக்கக் கூடாது. 2017-ல வந்த யோதால 250 என்.எம்., பொலீரோவ விட இழுவை ஜாஸ்தி, ஆனா பழைய மார்க்கெட்டுல கேக்கறவங்க கம்மி, அதனால அதே வருஷத்து பொலீரோவ விட சல்லிசா பேசலாம். நான் ரெண்டாவது வாங்குனது இதத்தான்.

டாடா ஜீனான், இசுசு வி-கிராஸ் ரெண்டும் இன்னும் ஜாஸ்தி இழுவை குடுக்கும், ஆசையா இருக்கும். சைட்டுக்குப் போய் சிமெண்ட் தூசில நிக்கற வண்டிக்கு அந்த ஸ்பேர் வெலை கட்டுப்படி ஆகாதுங்க. குதிரை டிரெய்லர், ரேக்ளா மாடு கொண்டு போறவங்க பாக்கலாம்.

பி.எஸ். 4, பி.எஸ். 6 (அரசாங்கத்தோட புகை விதி) எதுன்னு கேட்டா, 2020 ஏப்ரலுக்கு முந்தின பி.எஸ். 4-தான் நம்ம வேலைக்கு நல்லது. பி.எஸ். 6 டீசல் வண்டில பெரும்பாலும் சைலன்சர்ல புகைக்கரி புடிக்கற பில்டர் இருக்கும், அது சூடேறி தானா சுத்தமாகறதுக்கு நல்ல வேகத்துல கொஞ்ச தூரம் ஓடோணும். இருபதுல உருட்டி சைட்டுல ஐடிலிங்ல நிக்கற வண்டில அடைச்சுக்கும், லைட்டு எரியும், அப்பறம் லேப்டாப்போட ஆள் வரோணும்.

அந்த வண்டி இதுக்கு முன்னால என்ன ஏத்துச்சு?

மீட்டர்ல எத்தன கிலோமீட்டர்னு கேக்கறதுக்கு முந்தி இதக் கேளுங்க. மீட்டர மாத்தறது அரை மணி நேர வேலை. ஏத்துன சரக்கு வண்டில எழுதியிருக்கும், அத அழிக்க முடியாது.

திருப்பூர், பெருந்துறை பக்கம் சாயப்பட்டறைக்கு உப்பு மூட்டை ஏத்துன வண்டி இருக்குது பாருங்க, அதத்தான் நான் முதல்ல பயப்படறது. சாயத்துக்கு உப்பு டன் கணக்குல வேணும், மூட்டைல இருந்து சிந்தறது பெட்டி பலகை சந்து வழியா சேஸ் மேல எறங்கி உக்காந்துக்கும், மேல பெயிண்ட் அடிச்சாலும் உள்ள அரிச்சுட்டே இருக்கும். நாமக்கல் பக்கம் கோழி எரு ஏத்துன வண்டியும் அதே கதைதான், பெட்டி தகடு சல்லடையா இருக்கும். கண்டுபுடிக்கறது சுலுவு, வெயில்ல நிக்கற வண்டி பெட்டிக்கு அடியில தலைய விட்டு மோந்து பாருங்க, எத்தன வாட்டர் வாஷ் பண்ணுனாலும் மழை பேஞ்ச மறுநாள் அந்த வாசம் வந்துரும். உப்பு வண்டின்னா சேஸோட உள் மடிப்புல வெரல விட்டு சொரண்டுங்க, துரு செதில் செதிலா உரிஞ்சு வரும். மேலோட்டமான செந்துரு பரவால்ல, செதிலா உரிஞ்சா கெளம்பீருங்க.

ஒட்டன்சத்திரத்துல இருந்து கேரளாவுக்கு ராத்திரில காய்கறி ஓடுன வண்டி, இன்ஜின் ஓடி ஓடி நல்லா பழகியிருக்கும், ஆனா ஓவர்லோடும் வேகமும் சேந்து ஸ்பிரிங் பட்டை, ஹவுசிங் (பின் அச்சுக் கூடு), பிரேக் டிரம் எல்லாம் களைச்சுப் போயிருக்கும்.

எனக்குப் புடிச்சது பால் வண்டி. டெய்லி விடியக்காலைல கெளம்பும், ஒரே ரூட்டு, ஒரே டிரைவர், ஒரு நாளும் நிக்க முடியாதுங்கறதால சர்வீஸ் தப்பாது, லோடும் அளவா இருக்கும். மீட்டர்ல ரெண்டரை லட்சம் காட்டும், பயப்படாதீங்க. "ஒரே ஓனருங்க, ஊட்டு வண்டிங்க, 60 ஆயிரந்தான் ஓடியிருக்குது"ன்னு சொல்ற வண்டிய விட நான் அதத்தான் எடுப்பேன். பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு, டிரைவர் சீட் குழியா இருந்து மீட்டர் மட்டும் 60 ஆயிரம்னா நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

பின்னாடி இருந்து முன்னாடி

காலைல போங்க, வெளிச்சத்துல. இன்ஜின ஸ்டார்ட் பண்ணி வெக்க வேண்டாம்னு முந்தின நாளே சொல்லீருங்க. ஒரு சாக்கு, டார்ச், சின்ன சுத்தியல், பிரிட்ஜ் மேல ஒட்டற காந்தம், இது போதும். காந்தத்த துணி சுத்தி தேச்சுட்டே போனா பட்டி இருக்கற எடத்துல புடிக்காம வழுக்கும்.

சாக்கப் போட்டு வண்டிக்கு அடியில படுங்க. வெள்ளை வேட்டி கட்டீட்டு போனா இது நடக்காது.

சேஸோட கடைசி கிராஸ் பட்டைதான் உங்க பொழப்பு தொங்கப் போற எடம். சுத்தியல்ல தட்டுங்க, கணீர்னு கேக்கோணும், பொத்துன்னு கேட்டா உள்ள துரு இல்லீன்னா பட்டி. கம்பெனி ரிவெட் இருக்கற எடத்துல போல்ட் போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. சேஸ் நெடுக வெல்டிங் தழும்பு தேடுங்க, முக்கியமா கேபின் முடிஞ்சு பெட்டி ஆரம்பிக்கற எடத்துல, ஓவர்லோடு வண்டி அங்கதான் வளையும். வளைஞ்சிருக்குதான்னு தெரிய நாலு எட்டு தள்ளிப் போய் பக்கவாட்டுல உக்காந்து பாருங்க, கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவுல சந்து மேல ஒரு அளவு கீழ ஒரு அளவு இருந்தா முதுகு ஒடஞ்ச வண்டி அது. இதுல ஒண்ணு இருந்தாலும் வெலைய எவ்வளவு கொறச்சாலும் வேண்டாம், மத்ததெல்லாம் மாத்தலாம், சேஸ் மாத்த முடியாது.

ஸ்பிரிங் பட்டை: ரெண்டு பக்கமும் ஒரே வளைவு இருக்குதா, எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கறாங்களா. எக்ஸ்ட்ரா பட்டை நம்ம பக்கம் சகஜம், ஆனா அது போட்ட வண்டி ஓவர்லோடு அடிச்ச வண்டிங்கறதும் சகஜம். பட்டைய அச்சோட கட்டற யு-கிளாம்ப் நட்டு பக்கத்துல புதுசா தேஞ்ச பளபளப்பு இருந்தா பட்டை நகருதுன்னு அர்த்தம்.

ஹவுசிங்ல ஆயில் கசிவு பாருங்க. மெக்கானிக் கூட வந்தா வடிகால் போல்ட்ட கழட்டி ஆயில ரெண்டு சொட்டு வெரல்ல தேச்சுப் பாருங்க, மசியாட்டம் மினுமினுப்பு இருந்தா பரவால்ல, துணுக்கு தட்டுப்பட்டா கிரவுன் (பின் அச்சு கியர்) பல்லு போகுது. பின் அச்சுக்குப் போற ஷாப்ட்டோட ஜாயிண்ட்ட கையில புடிச்சு திருகுங்க, கிராஸ்ல ஆட்டம் இருந்தா சின்ன செலவுதான், வெலை பேச ஆகும்.

பிரேக்குல ஒரு விஷயம். நெறைய பிக்கப்ல பின் அச்சுல இருந்து ஒரு கம்பி மேல சேஸ்ல இருக்கற ஒரு வால்வுக்குப் போகும், லோடு ஏற ஏற பின் பிரேக்குக்கு அழுத்தத்த கூட்டிக் குடுக்கறது அதுதான். அது மக்கர் பண்ணுனா வால்வு வாங்கிப் போடறதுக்கு பதிலா கம்பிய கழட்டி உட்டுட்டு இல்லீன்னா மேல தூக்கிக் கட்டீட்டு போயிருவாங்க. நான் பாத்ததுல ரெண்டு வண்டி அப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணுல கட்டுக்கம்பியில கட்டியிருந்துச்சு. எம்ப்டில ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, லோடோட தெரியும்.

டயர்ல பட்டன் (ரோட்ட புடிக்கற மேல் ரப்பர் கட்டை) மட்டும் பாக்காதீங்க. பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் நெறையா இருந்து ஆறேழு வருஷம் ஆயிருந்தா அது வெயில்ல வெந்த டயர், லோடுல வெடிக்கும்.

இன்ஜினுக்கு கடைசில வாங்க. பானட்டுல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னால யாரோ ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கறாங்க. சூடேறாம பச்சையா இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணுங்க, ஆயில் ஊத்தற மூடியத் தொறந்து மேல கவுத்தி வையுங்க, லேசா நடுங்குனா பரவால்ல, மூடி துள்ளி விழுந்து புகை குபுகுபுன்னு வந்தா பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர் காத்து கீழ கசியுது), இன்ஜின் வேலை பக்கத்துல இருக்குது. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை சூடானதுக்கு அப்பறமும் நிக்கலைன்னா ரேடியேட்டர் தண்ணில ஆயில் மெதக்குதான்னு பாருங்க.

ஓட்டிப் பாக்கறது

கிளட்சுக்கு ஒரு பழைய சோதனை. ஹேண்ட் பிரேக்க இழுத்து, மூணாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து கிளட்ச மெதுவா விடுங்க. இன்ஜின் டக்குனு ஆஃப் ஆகோணும். ஆஃப் ஆகாம உறுமீட்டே நின்னா கிளட்ச் தட்டு போச்சு. ஒருக்கா பண்ணுனா போதும், ஓனர் மூஞ்சி மாறற வரைக்கும் பண்ணாதீங்க.

ரெண்டாவது கியர்ல நல்லா தூக்கிட்டு ஆக்சிலேட்டர சட்டுனு விடுங்க, கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்தா கியர்பாக்ஸ் வேலை. இழுவை வண்டிக்கு எறக்கத்துல கியர்தான் பாதி பிரேக்கு, அது கழண்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. நாப்பது அம்பதுல போறப்ப பின்னாடி ஊஊன்னு ஒரே ராகமா சத்தம் வந்தா கிரவுன் பினியன்.

இது வரைக்கும் எல்லாரும் பண்ணுவாங்க. நீங்க இன்னும் ஒண்ணு பண்ணோணும், உங்க மெஷின கட்டிப் பாக்கோணும். கொக்கி இல்லாத வண்டின்னா எடை மேடைக்கு பக்கத்துல எங்கியாவது ஒரு டன் ஜல்லி ஏத்திப் பாருங்க, ஜல்லிக் காச நீங்களே குடுத்துருங்க, அந்த செலவு ஒண்ணும் பெருசில்ல. ஏதாவது ரயில்வே மேம்பாலத்து ஏத்தத்துல பாதில நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, அங்கிருந்து முதல் கியர்ல எடுங்க. கிளட்ச் கருகற வாசம் வரக் கூடாது, வண்டி பின்னாடி வழுக்கக் கூடாது. அதே பாலத்து எறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டு லேசா பிரேக் புடிச்சு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குதான்னு பாருங்க. "லோடெல்லாம் ஏத்தக் குடுக்க மாட்டனுங்க"ன்னு ஓனர் சொன்னா "சரீங்ணா, வர்றேனுங்க"ன்னு சொல்லீட்டு வந்துருங்க.

தாளவாடி, கொல்லிமலை பக்கம் வேலை இருக்கறவங்க இன்னும் கறாரா பாக்கோணும். திம்பத்துல 27 வளைவு, கொல்லிமலைல 70. பிரேக் இல்லாத மெஷின கட்டி அந்த எறக்கத்துல எறக்கறது வேண்டவே வேண்டாம், அங்க எல்லாம் மெஷின லாரில ஏத்தி அனுப்பீருங்க.

பேப்பர்

வண்டி நம்பர அரசாங்கத்தோட பரிவாகன் ஆப்புல போட்டா எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், டேக்ஸ் எது வரைக்கும் இருக்குது, பைனான்ஸ் இருக்குதான்னு வந்துரும், ஈ-சலான் பாக்கி தனியா பாருங்க. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி., அப்பறம் வருஷா வருஷம். ஏழு வருஷம் தாண்டுனா பசுமை வரியும் உண்டு. 15 வருஷம் கிட்ட வந்த வண்டி சல்லிசா கெடைக்குதேன்னு போகாதீங்க, எஃப்.சி. கட்டணமே இப்ப நெம்ப ஏறிப் போச்சு.

ஆர்.சி.ல மொத்த எடை பாருங்க, 3,000 கிலோவுக்குள்ள இருந்தா பர்மிட் தேவையில்ல, அதுக்கு மேலன்னா பர்மிட்டையும் மாத்தோணும். பைனான்ஸ் இருந்துச்சுன்னா "டியூ எல்லாம் கட்டியாச்சுங்க"ங்கற பேச்ச நம்பாதீங்க, பைனான்ஸ்காரங்க குடுக்கற என்.ஓ.சி.யும், கடன் முடிஞ்சதுக்கான பாரம் 35-ம் கைல வந்தாத்தான் மீதிப் பணம். 29, 30 பாரத்துல கையெழுத்து வாங்கி 14 நாளைக்குள்ள பேர் மாத்தக் குடுத்துருங்க, இன்சூரன்சும் அதே 14 நாளுக்குள்ள. "பேர் மாத்தாம ஓப்பன்லயே ஓட்டிக்கலாம்"னு புரோக்கர் சொல்வாரு, ஓட்டறது நீங்க, கேஸ் ஆனா அலையறதும் நீங்க.

ரோட்டுல இழுக்கற டிரெய்லர் சட்டப்படி தனி வண்டி, அதுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் உண்டு. இன்சூரன்ஸ் எழுதறப்ப "பின்னாடி இது கட்டி இழுப்பேன்"னு வாயத் தொறந்து சொல்லி, பாலிசில டிரெய்லரையும் எழுத வையுங்க. அப்பறம் இன்னொண்ணு, பெட்டில ஆள ஏத்தாதீங்க. சித்தாளு பத்துப் பேர மெஷினோட ஒட்டுக்கா கூட்டீட்டுப் போறது நம்மூர்ல நடக்கறதுதான், ஒரு தடவ கவுந்துச்சுன்னா எந்த இன்சூரன்சும் வராது, அந்தப் பாவம் தனி.

வெலை

கைல அஞ்சு லட்சம் இருந்தா நாலு லட்சத்துக்கு மேல வண்டி பாக்காதீங்க. எந்தப் பழைய பிக்கப்பா இருந்தாலும் முதல் மூணு மாசத்துல கிளட்ச், டயர், பிரேக் லைனிங், பேட்டரின்னு வரிசையா கேக்கும். என்ற யோதா மூணே முக்கால்ல முடிஞ்சுது, அதுக்கப்பறம் அம்பத்து ரெண்டாயிரம் செலவு வெச்சுது. ஆடில போனா மார்க்கெட் மந்தமா இருக்கும், பேச சவுரியம். தை பொறந்து வீட்டு வேலை சூடு புடிச்ச சமயத்துல போனா குடுக்கறவரு எறங்க மாட்டாரு. அடியில படுத்துப் பாத்த குறையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, மெக்கானிக்கிட்ட ஒவ்வொண்ணுக்கும் தொகை கேட்டுட்டு அப்பறமா பேசுங்க.

கொக்கி மாட்டறது

பம்பர்ல வெல்டு வெச்சுக் குடுக்கற பட்டறைக்குப் போகாதீங்க. கொக்கி ரெண்டு சேஸ் பட்டையையும் புடிக்கற மாதிரி ஒரு குறுக்குச் சட்டம் செஞ்சு, அதுல மாட்டோணும், வெல்டிங் இல்லாம 10.9 எழுதுன ஹைடென்சில் போல்ட்டுல. சேஸோட நட்ட நிக்கற பக்கத்துலதான் ஓட்டை போடோணும், மேல்மடிப்பு கீழ்மடிப்புல போட்டா அங்கிருந்தே விரிசல் விடும். உயரம் மெஷின கட்டுனா அதோட கம்பி பூமிக்கு சமமா நிக்கற அளவு. ரெண்டு சங்கிலி குறுக்கு மறுக்கா போட்டுக்கங்க, கொக்கி கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம சங்கிலி மேலயே உக்காந்துக்கும். மெஷினுக்குப் பின்னாடி லைட்டுக்கு ஒரு வயர் இழுத்து விடுங்க, அதோட ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கரும். பொழுது உழுந்ததுக்கப்பறம் கீழ்பவானி வாய்க்கால் ரோட்ல பைக்குல வர்றவனுக்கு இந்தக் கறுப்பு மெஷின் தெரியவே தெரியாது.

கொக்கிப் பின்னுக்கு அடியில ஒரு லாக் கிளிப் வரும், பத்து ரூவா சாமான். அது தொலைஞ்சு போச்சுன்னு சைட்டுப் பசங்க கட்டுக்கம்பிய முறுக்கி விட்டுருவாங்க. நான் கேபின்ல ஒரு டப்பா நெறைய கிளிப்பு வாங்கிப் போட்டிருக்கறேன், கெளம்பறப்ப நானே குனிஞ்சு பாத்துட்டுத்தான் சாவியப் போடறது.